படகும் பளுவும்: விசை, சலனம், வேலை ஆகியவற்றின் விளக்கம்

கொசஸ்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்து முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. இவ்வூரில் பிறந்த சிறுவன், பௌதிக சாஸ்திரம் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் கேட்பதற்கு முன்னரே, அச்சாஸ்திரத்தின் பெரும்பகுதியைக் கையாலும் தோளாலும் கற்றுவிடுகின்றான். எந்த அலைக்கு எதிரே படகின் முகத்தைத் திருப்ப வேண்டும், எவ்விடத்தில் எஞ்ஜினைத் தூக்க வேண்டும், ஈரமணலில் படகு இழுபடுவது எளிதா, உலர்மணலில் எளிதா என்பவற்றை அவனுக்கு எவரும் புத்தகம் வைத்துப் போதிப்பதில்லை.

ஆயினும், அறிந்த விஷயத்தை அளந்து கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கம் மக்களிடையே குறைவாகவே இருக்கின்றது. அளவில்லாத அறிவு கடலில் உதவும், கடைத்தெருவில் உதவாது. அங்கத்தினர்களின் பணத்தைக் கொண்டு ஒரு சங்கம் கப்பியோ, வின்சோ, எஞ்ஜினோ வாங்கப் புகும்போது, விற்பவன் சொல்லுவதில் எது மெய், எது மிகை என்று பிரித்தறிய வேண்டியிருக்கின்றது. அதற்கு விசை, சலனம், வேலை, திறன் என்னும் நான்கு சொற்களின் பொருளைத் தெளிவாகத் தெரிந்துகொண்டால் போதும். எழுதப் படிக்கவும் பெருக்கிப் பார்க்கவும் தெரிந்த எவரும் இவற்றை எளிதில் அறிந்துகொள்ளலாம்.

விசை என்பது யாது?

தள்ளுதலும் இழுத்தலுமே விசை எனப்படும். துடுப்பு நீரைத் தள்ளுவது விசை. காற்று பாயைத் தள்ளுவது விசை. பூமி ஒவ்வொரு பொருளையும் தன்பால் இழுப்பதும் விசையே. அதைத்தான் எடை என்கின்றோம். சாஸ்திரிகள் விசையை நியூட்டன் என்னும் அலகால் அளக்கின்றனர். ஒரு கிலோ எடையைக் கையில் தாங்குவதற்கு வேண்டிய விசை ஏறக்குறைய 9.8 நியூட்டன். சங்கத்து அங்கத்தினர்களுக்குக் கிலோக் கணக்கே பழக்கமாதலின் இங்கு அக்கணக்கே கொள்ளப்படுகின்றது.

விசைக்கு அளவு மாத்திரமன்று, திசையும் உண்டு. இதை மறந்தால் நஷ்டம் நேரும். ஒரு படகில் இரண்டு வடங்களைக் கட்டி, ஒவ்வொன்றையும் 300 கிலோ விசையோடு இழுப்பதாகக் கொள்க. இரு வடங்களும் ஒரே திசையில் சென்றால் படகின்மேல் 600 கிலோ விசை விழும். அவ்வடங்கள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பிரிந்து நின்றால், அதே ஆட்கள் அதே பலத்தோடு இழுத்தும், படகுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 424 கிலோ மாத்திரமே. நேர் எதிர்த்திசையில் இழுத்தால் ஒன்றும் கிடையாது. ஆகவே இழுப்பவர்கள் விரிந்து நில்லாமல் ஒரே கோட்டில் நிற்பது கூலி கொடாமலே ஆட்களைக் கூட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

சலனத்தின் மூன்று விதிகள்

ஆங்கில தேசத்து ஐசக் நியூட்டன் என்பார் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் சலனத்திற்கு மூன்று விதிகளை வகுத்தார். அவை மூன்றும் முகத்துவாரத்தில் அன்றாடம் காணப்படுவனவே.

முதல் விதி: நிற்கும் பொருள் தானே நகராது; நகரும் பொருள் தானே நில்லாது. எஞ்ஜினை நிறுத்திய பின்னும் படகு சிறிது தூரம் ஓடுகின்றது. அதை நிறுத்துவது நீரின் எதிர்ப்பேயன்றிப் படகின் களைப்பன்று. ஓடும் படகு மணல்திட்டில் திடீரெனத் தட்டும்போது உள்ளே நிற்பவன் முன்னே விழுவதும் இதனாலேயே. படகு நின்றது, அவன் உடல் இன்னும் நிற்கவில்லை.

இரண்டாம் விதி: ஒரே விசையைக் கொண்டு இலேசான பொருளை விரைவில் வேகங்கொள்ளச் செய்யலாம், கனமான பொருள் மெல்லத்தான் வேகங்கொள்ளும், மெல்லத்தான் நிற்கும். மீன் நிரம்பிய படகின் எடை வெறும்படகின் எடையைப்போல் இரண்டு மடங்காயின், அதே எஞ்ஜின் அதே வேகத்திற்கு அதைக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் பிடிக்கும். வெறும்படகைக் கொண்டு இரண்டு அலைகளுக்கு இடையே நுழைந்து பழகியவன், பாரம் ஏற்றிய படகைக் கொண்டும் அவ்வாறே நுழையலாம் என்று எண்ணுதல் ஆபத்து.

மூன்றாம் விதி: ஒரு பொருள் மற்றொன்றைத் தள்ளினால், அம்மற்றொன்றும் அதே அளவு விசையோடு முன்னதை எதிர்த்துத் தள்ளும். துடுப்பு நீரைப் பின்னே தள்ளுகின்றது. நீர் படகை முன்னே தள்ளுகின்றது. எஞ்ஜினின் விசிறி செய்வதும் இதுவே. இதனின்றும் முக்கியமான உண்மை ஒன்று விளங்கும். பின்னே தள்ளுவதற்கு நீர் இருந்தாலன்றி முன்னே செல்லும் விசை பிறவாது. அலையின் முடியில் படகின் பின்புறம் தூக்கப்பட்டு விசிறி நீரை விட்டு வெளிவரும்போது எஞ்ஜின் உரக்கக் கத்துகின்றது. ஆனால் படகுக்கு உந்துதல் ஒன்றுமில்லை. அக்கணத்தில் படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் கவிழும். எஞ்ஜினின் சத்தத்தைப் பலம் என்று எண்ணலாகாது.

உராய்வும் கூட்டிழுப்பும்

மணலின்மேல் கிடக்கும் படகை இழுக்கும்போது மணல் அதைப் பிடித்து எதிர்க்கின்றது. இவ்வெதிர்ப்பே உராய்வு. கிடக்கும் படகை அசைக்கும்வரை உராய்வு மிகுதி. அசைந்த பின்னர் சிறிது குறையும். ஆகவேதான் ஒருவர் குரல் கொடுக்க, அனைவரும் ‘ஐலசா’ என்று ஒரே கணத்தில் இழுக்கின்றனர். அக்குரல் களைப்பு நீங்குவதற்கு மாத்திரம் ஏற்பட்டதன்று. அது விசைகளை ஒரே நொடியில் சேர்க்கும் உபாயம்.

ஒரு படகை அசைக்க 600 கிலோ விசை வேண்டும் எனவும், ஒருவர் தளராமல் 25 கிலோ விசையோடு இழுக்க வல்லவர் எனவும் கொள்க. 24 பேர் சேர்ந்து ஒரே கணத்தில் இழுத்தால் படகு நகரும். அந்த 24 பேரும் ஒருவர்பின் ஒருவராக நாள் முழுவதும் இழுத்தாலும் அது ஓர் அங்குலமும் நகராது. பிரயாசை ஒன்றே, பலன் வேறு.

வேலையின் கணக்கு

பேச்சு வழக்கில் உடல் வருந்தினாலே வேலை என்கின்றோம். சாஸ்திரத்தில் அவ்வாறன்று. விசையானது ஒரு பொருளைத் தன் திசையில் நகர்த்தினால்தான் வேலை நடந்ததாகும். நகராத படகை நாழிகைக் கணக்கில் இழுத்தவன் வியர்த்திருப்பான். ஆயினும் படகின்மேல் அவன் செய்த வேலை பூஜ்யம். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலையின் அளவு வரும். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவது ஒரு கிலோமீட்டர் தூரம் என்பதோடு மயங்காதிருக்க, இங்கு அதைக் ‘கிலோ–மீட்டர் அளவு வேலை’ என்னாது ‘ஒரு பங்கு வேலை’ என்றே குறிப்போம்.

எஞ்ஜினும் வலையும் சேர்ந்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு பைபர் படகை, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் கரையில், 30 மீட்டர் தூரம் இழுத்து ஏற்ற வேண்டும் எனக் கொள்க. சரிவின் காரணமாக ஏறக்குறைய 100 கிலோ விசையும், மணலின் உராய்வு காரணமாக 500 கிலோ விசையும், ஆக 600 கிலோ விசை வேண்டும். வேலை 600 ஐ 30 ஆல் பெருக்க, 18,000 பங்கு.

இதில் மெய்யாகவே பயன்பட்டது எவ்வளவு? படகு 3 மீட்டர் உயரம் ஏறியது. 1,000 ஐ 3 ஆல் பெருக்க, 3,000 பங்கு. எஞ்சிய 15,000 பங்கும் மணலைக் கலைப்பதிலும் அடிப்புறத்தைச் சூடாக்கித் தேய்ப்பதிலும் வீணாயிற்று. ஆறு ரூபாய் கூலி கொடுத்தால் ஐந்து ரூபாய் மணலுக்குப் போகின்றது என்று இதைச் சொல்லலாம்.

கப்பியும் உருளையும்

இனிக் கருவிகளின் குணத்தைக் கவனிக்க. நான்கு புரி வடம் ஓடும் கப்பிச் சோடு ஒன்றை வாங்கினால் வேலை நான்கில் ஒன்றாகக் குறையும் என்று விற்பவர் சொல்லக்கூடும். இது பாதி மெய். வேண்டிய விசை 600 இலிருந்து 150 கிலோவாகக் குறையும். ஆனால் படகு 30 மீட்டர் நகர, வடத்தை 120 மீட்டர் இழுக்க வேண்டும். 150 ஐ 120 ஆல் பெருக்கினால் மறுபடியும் 18,000 பங்கே. கப்பியின் அச்சில் ஏற்படும் உராய்வையும் சேர்த்தால் வேலை சற்று அதிகமே ஆகும். கப்பி வேலையைக் குறைப்பதில்லை. ஆட்களின் தொகையைக் குறைத்து, நேரத்தை நீட்டுகின்றது.

உருளையின் குணம் வேறு. மணலின்மேல் பலகை பரப்பி, அதன்மேல் உருளைக்கட்டைகளை வைத்துப் படகை ஏற்றினால், உராய்வு 500 கிலோவிலிருந்து 100 கிலோவாகக் குறைவதாகக் கொள்க. சரிவுக்கு வேண்டிய 100 கிலோ மாறாது. ஆக 200 கிலோ விசை போதும். வேலை 6,000 பங்கு. முன்பு 24 பேர் செய்ததை இப்போது 8 பேர் செய்யலாம், நேரமும் நீளாது. மணலுக்குப் போன கூலியில் பெரும்பகுதி மிச்சம்.

உருளையோடு வின்சையும் சேர்த்தால் பலன் இன்னும் தெளிவாகும். வின்சின் நடுவுருளை 15 சென்டிமீட்டர் ஆரமும், அதைத் திருப்பும் கை 1.5 மீட்டர் நீளமும் உடையதாயின், விசை பத்தில் ஒன்றாகும். 200 கிலோவுக்குப் பதில் 20 கிலோ போதும், ஒருவரே திருப்பலாம். ஆனால் அவர் ஏறக்குறைய 32 சுற்றுச் சுற்றி, 300 மீட்டர் நடந்தாக வேண்டும். 20 ஐ 300 ஆல் பெருக்க, அதே 6,000 பங்கு. இயற்கையின் பேரேட்டில் ஒருபுறம் வரவு வைத்தால் மறுபுறம் செலவு எழுதப்படும். எக்கருவியும் அக்கணக்கைத் திருத்தமாட்டாது.

கருவி வாங்கும் சங்கத்தார் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். கப்பியோ வின்சோ கட்டப்பட்ட கம்பத்தின்மேல் படகை இழுக்கும் விசை ஏறத்தாழ முழுவதும் விழும். கையில் தெரிவது 20 கிலோவாயினும் கம்பத்தில் விழுவது 200 கிலோ. ஆகவே கம்பத்தை ஆழ ஊன்ற வேண்டும். விறைத்த வடத்தில் வேலை அடங்கிக் கிடக்கின்றது. அது அறுந்தால் அவ்வளவும் ஒரே நொடியில் வெளிப்பட்டுச் சவுக்கைப்போல் அடிக்கும். வடத்தின் நேர்க்கோட்டில் குழந்தைகளை நிற்கவிடலாகாது.

திறனும் எண்ணெய்ச் செலவும்

ஒரு வேலையை எவ்வளவு விரைவில் செய்கின்றோம் என்பதே திறன். இதையே வழக்கில் குதிரைச்சக்தி என்கின்றனர். ஒரு நொடியில் 75 பங்கு வேலை செய்வது ஒரு குதிரைச்சக்தி. உடல்நலமுள்ள மனிதன் தொடர்ந்து செய்யக்கூடியது அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. மேற்சொன்ன 6,000 பங்கு வேலையை ஒருவர் செய்ய 13 நிமிஷத்திற்கு மேலாகும். நால்வர் மூன்றே கால் நிமிஷத்திற்குச் சற்று அதிகமான நேரத்தில் முடிப்பர். ஒரு நிமிஷத்தில் முடிக்க வேண்டுமானால் வீணாவதை நீக்கி ஒன்றேகால் குதிரைச்சக்திக்குச் சிறிது மேற்பட்ட பொறி வேண்டும். அவசரம் எவ்வளவோ அவ்வளவே விலை.

கடலில் ஓடும்போது இது இன்னும் கடுமையாகும். நீரைக் கிழித்துச் செல்லும் படகின் வேகத்தை இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். வேண்டிய திறன் எட்டு மடங்காகும். இதைத் திருப்பிப் பார்த்தால் சிக்கனம் விளங்கும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே தூரத்திற்கு ஆகும் எண்ணெய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஒரு மணி நேரப் பயணம் ஏழு நிமிஷமே நீளும். படகு ஒன்றுக்கு நாள்தோறும் 10 லிட்டர் செலவாகும் 40 படகுகள் உள்ள ஊரில், இது ஒரே நாளில் 75 லிட்டருக்குச் சற்று மேல் மிச்சமாகும். மீன் ஏலத்திற்கு விரைந்து சேரவேண்டிய நேரம் உண்டு. கடலுக்குள் செல்லும்போது அவ்வவசரம் பெரும்பாலும் இல்லை.

அலையின் பலமும் மணலின் ஓட்டமும்

மனிதர் செய்யும் வேலை சிறிது; கடல் செய்யும் வேலை பெரிது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1,025 கிலோ. அது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாயுமானால் அதில் அடங்கிய சக்தி, மேற்சொன்ன 1,000 கிலோ படகை 47 சென்டிமீட்டர் உயரம் தூக்கப் போதியது. அலையின் உயரம் இரட்டித்தால் அதன் சக்தி நான்கு மடங்காகும். இரண்டு மீட்டர் அலை ஒரு மீட்டர் அலையைப்போல் இரண்டு பங்கு கொடியது என்று எண்ணுபவன் கணக்கில் பாதி தவறுகின்றான்.

நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடைந்து புரளும். முகத்துவாரம் ஆழமாயிருந்தால் ஒரு மீட்டர் அலை உடையாமல் அடியில் உருண்டு போகும். மணல் சேர்ந்து ஆழம் ஒன்றேகால் மீட்டராகிவிட்டால், அதே அலை வாயிலிலேயே உடையும். அங்கேயே விசிறியும் தரை தட்டும். ஆகவே முகத்துவாரம் தூர்ந்துபோதல் என்பது வழி குறுகுதல் மாத்திரமன்று, உயிருக்கே ஆபத்து.

அம்மணல் எங்கிருந்து வருகின்றது? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதி, மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் தெற்கே செல்லும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. இவ்வோட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பினால் தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்திற்கு 1875ஆம் ஆண்டு டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் கற்சுவர்களை 1881 நவம்பரில் வீசிய புயல் பெரிதும் குலைத்தது. பின்னர் அவை மீண்டும் கட்டப்பட்டன. அதன் விளைவாகத் தெற்கே மெரீனாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. முகத்துவாரத்திற்கு வடக்கே உள்ள எண்ணூர்த் துறைமுகம் 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் சுவர்களும் அதே விதிக்கு உட்பட்டவையே.

சேரும் மணலைக் கடலுக்குள் தள்ளுவது ஆற்றுநீரும் ஏற்றவற்றத்து நீரும் செய்யும் வேலை. ஓடும் நீர் வேகமாக ஓடினால் மணலைச் சுமக்கும். வேகம் குறைந்தால் இறக்கி வைத்துவிடும். கொசஸ்தலையாற்று நீரைத் தேக்கும் பூண்டி நீர்த்தேக்கம் 1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. நகர மக்களின் தாகம் தீர்க்கும் அந்நீர், வெள்ளக் காலம் தவிர்த்து முகத்துவாரத்தை வந்தடைவதில்லை. கழிமுகத்துப் பரப்பு சாம்பலாலும் மண்ணாலும் தூர்க்கப்பட்டால், ஏற்றத்தில் உள்ளே புகுந்து வற்றத்தில் வெளியேறும் நீரும் குறையும். நீர் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மணல் தங்கும். கழிமுகத்தின் உட்பரப்பைக் காப்பதும் வாயிலைத் தூர்வாருவதும் ஒரே காரியத்தின் இரண்டு பகுதிகள் என்பதை இதனால் அறியலாம். அதிகாரிகளிடம் விண்ணப்பம் செய்யும் சங்கத்தார் இரண்டையும் சேர்த்தே கேட்பது முறை.

சங்கத்தார் செய்யத்தக்கவை

முதலாவது, படகு ஏற்றும் துறைக்குப் பொதுவில் பலகைகளும் உருளைகளும் வாங்கி வைத்தல். செலவு சிறிது, வேலையையே குறைப்பது இஃது ஒன்றே. இரண்டாவது, ஆள் குறைந்த காலத்திற்கு உதவும் கைவின்ச். மூன்றாவதாகவே எஞ்ஜின் பூட்டிய வின்சை ஆலோசிக்க வேண்டும். அதற்கு எண்ணெயும் பழுதுபார்ப்பும் என்றும் உள்ள செலவு. எக்கருவியாயினும் வாங்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்க: எவ்வளவு விசை குறையும்? எவ்வளவு தூரம் அதிகமாகும்? எவ்வளவு உராய்வில் வீணாகும்? முதற்கேள்விக்கு மாத்திரம் விடை கூறுபவரிடம் அவசரப்பட்டுப் பணம் கட்டலாகாது. நான்காவது, முகத்துவாரத்தின் ஆழத்தை ஒரு குறித்த இடத்தில் வாரந்தோறும் அளந்து சங்கத்துப் பதிவேட்டில் எழுதி வருதல். ஓர் ஆண்டுக் கணக்கு கையிலிருந்தால் விண்ணப்பத்திற்கு வலிமை உண்டு. புதிதாகப் படகோட்டும் இளைஞர்க்கும் எச்சரிக்கை உண்டு.

சர் பிரடெரிக் நிக்கல்சன் என்பார் சென்னை மாகாணத்து விவசாய பாங்குகளைப் பற்றி 1895ஆம் ஆண்டு முதல் 1897ஆம் ஆண்டுவரை அறிக்கை எழுதினார். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் சங்கம் ஏற்பட்டது. அதே நிக்கல்சன்தான் 1907ஆம் ஆண்டில் தொடங்கிய மீன்வள இலாகாவிற்கும் தலைமை வகித்தார். கடன்பட்ட குடியானவனுக்கும் கடலில் உழைக்கும் மீனவனுக்கும் அவர் கண்ட மருந்து ஒன்றே: தனித்தனியே சிதறும் சிறு பலங்களை ஒரு திசையில், ஒரு காலத்தில் சேர்த்தல்.

அங்கத்தினர் ஒருவரின் மாதச் சந்தா ஒரு கையின் இழுப்பைப் போன்றது. தனியே அது எப்பளுவையும் அசைக்காது. மற்றவர்களுடைய சந்தாவோடு குறித்த நாளில் சேர்ந்தால் பலகையாகவும் உருளையாகவும் வின்சாகவும் மாறும். தவணை தவறியவரோ, வடத்தைப் பிடித்துக்கொண்டு இழுக்காமல் நிற்பவரைப் போன்றவர். அவருடைய பங்கையும் சேர்த்து மற்றவர்கள் இழுக்க வேண்டியிருக்கும். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இக்கணக்குகளை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் தத்தம் படகின் எடையையும் கரையின் சரிவையும் இட்டுப் பெருக்கிப் பார்ப்பாராயின், எந்தக் கருவியை முதலில் வாங்குவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.